கூட்டத்தை எண்ணிப் பார்த்தோம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் எத்தனை கோல் போட்டார் என்று பக்கம் பக்கமாக வரும். அயல்நாட்டு ஆட்டங்களின் விவரத்தைக் கடைசி வரை படித்தால் ஒரு மூலையில் இன்னோர் எண்ணும் இருக்கும். ஆட்டத்தைக் காண வந்தவர்கள் இத்தனை பேர் என்று சொல்லும் எண் அது. பந்தைத் தொடாமல் கைதட்டியவர்களின் எண். இவ்வாண்டுக் கணிதக் கண்காட்சிக்குப் புள்ளியியல் பாடத்திலிருந்து ஏதேனும் செய்துவர வேண்டும் என்றதும், நாங்கள் அறுவரும் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டோம்.

உலகில் எந்த விளையாட்டு லீக்குக்கு அதிகக் கூட்டம் வருகிறது? இதுதான் எங்கள் தலைப்பு. கணிதம் கற்பிக்கும் சிஸ்டர் தலைப்பைப் படித்துவிட்டு, "கூட்டுவது சரி பிள்ளைகளா, எதால் வகுக்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடவே மூன்று வாரம் பிடித்தது.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொண்டோம். அங்கே இரண்டு பெரிய லீக்குகள். ஒன்று அமெரிக்கக் கால்பந்து, அதாவது என்.எஃப்.எல். (பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.) மற்றொன்று பேஸ்பால். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் என்.எஃப்.எல். ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 69,000 பேருக்கு மேல் வந்தார்கள். உலகில் எந்த லீக்குக்கும் இத்தகைய சராசரி கிடையாது. அதே 2024இல் பேஸ்பால் ஆட்டம் ஒன்றுக்கு வந்தவர்கள் சராசரியாக 29,568 பேர். பாதிகூட இல்லை. அப்படியானால் கால்பந்துக்குத்தான் வெற்றி என்று எங்களில் மூவர் கைதட்டினர். மற்ற மூவர் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தனர். பேஸ்பாலுக்கு அவ்வாண்டு வந்த மொத்தக் கூட்டம் 7 கோடியே 13 இலட்சம்! என்.எஃப்.எல்.லுக்கோ ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம்தான்.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு விடைகள். காரணம் மிக எளிது. என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு 17 ஆட்டங்களே. ஆக மொத்தம் 272 ஆட்டங்கள். பேஸ்பாலில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள், மொத்தம் 2,430. நம் ஊர் வாரச் சந்தையையும் தெருமுனைக் காய்கறிக் கடையையும் எண்ணிப் பாருங்கள். சந்தையில் கால் வைக்க இடமிராது. கடையில் எப்போது பார்த்தாலும் நான்கு பேர்தான் நிற்பார்கள். ஆயினும் ஆண்டு முடிவில் அதிகக் காய் விற்றது யாரென்று சந்தைக் கூட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதோடு, கடைக்கு வரும் நால்வரும் தினமும் வரும் அதே நால்வராக இருக்கலாம். 7 கோடியே 13 இலட்சம் என்பதும் நுழைவுச்சீட்டுகளின் எண்தான். தலைகளின் எண் அல்ல. இருபது முறை சென்ற தாத்தா அதில் இருபது பேர்!

கூடைப்பந்தில் இது இன்னும் நன்றாகத் தெரிகிறது. என்.பி.ஏ. லீக்கில் 2023-24 பருவச் சராசரி 18,300 அளவில் இருந்தது. பேஸ்பாலைவிடக் குறைவு, கால்பந்தைவிட மிகக் குறைவு. ஆனால் கூடைப்பந்து கூரையுள்ள அரங்கில் ஆடப்படுவது. அங்குள்ள அரங்குகள் பெரும்பாலும் 17,000 முதல் 20,000 பேர் வரையே கொள்ளும். நூறு இருக்கைகளில் 98 நிரம்பியிருந்தன என்பது அந்த லீக்கின் கணக்கு. பானை சிறிது, சோறு அதற்குள் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் இருக்கும். அதைப் பார்த்து வீட்டில் பசியில்லை என்று சொன்னால் சரியாகுமா?

ஆகவே சுவர் வரைபடத்தில் மூன்று பத்திகள் போட்டோம்: மொத்தம், சராசரி, நிரம்பிய விழுக்காடு. மூன்றிலும் ஒரே லீக் முதலிடம் பெறவில்லை.

ஐரோப்பியக் கால்பந்துக்கு வந்தபோது வேறு பாடம் கிடைத்தது. உலகம் முழுதும் தொலைக்காட்சியில் பார்ப்பது இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கைத்தான். ஆனால் அரங்கத்துக்கு வரும் கூட்டத்தின் சராசரியில் ஜெர்மனியின் புண்டஸ்லீகா அதற்கும் சற்று மேலே நிற்கிறது. 2023-24இல் ஜெர்மனியில் 39,000க்கு மேல், இங்கிலாந்தில் 38,000க்கு மேல். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் அரங்கம் ஏறத்தாழ 74,000 பேர் கொள்ளும். போர்ன்மத் அரங்கமோ 11,300 அளவுதான். இரண்டும் ஒரே லீக்கில் ஆடுகின்றன. வீச்சு என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் படித்ததைவிட இதில் நன்றாகப் புரிந்தது. ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகர அரங்கம் 81,365 பேர் கொள்ளும். அதன் தெற்குப் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். நிற்கும் இடத்துக்குச் சீட்டு விலை குறைவு. வேலைக்குப் போகும் இளைஞரும் மாணவரும் அங்கே வர முடிகிறது.

இங்கிலாந்தில் ஏன் அப்படி நிற்பதில்லை என்று தேடியபோது, எங்கள் பென்சில் சற்று நேரம் நின்றுவிட்டது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கம்பிவேலியிட்ட நிற்கும் பகுதிக்குள் அளவுக்கு மேல் ஆட்களை அனுப்பியதால் நெரிசல் உண்டாயிற்று. 97 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அவர்களில் எங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தனர். அதன்பின் மேல்நிலை லீக் அரங்குகளில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று விதி வந்தது. பாதுகாப்பான கைப்பிடிகளுடன் நிற்கும் இடங்களை 2022இல்தான் மீண்டும் அனுமதித்தார்கள். கூட்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எழுதியிருந்த ஒரு வரியை வரைபடத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டோம்.

அடுத்து, எண்ணுவது யார்? எப்படி எண்ணுகிறார்கள்? வாயிலில் சுழலும் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்றவர்களை எண்ணலாம். விற்ற சீட்டுகளையும் எண்ணலாம். இரண்டும் ஒன்றல்ல. சீட்டு வாங்கியவர் காய்ச்சலால் வீட்டில் படுத்திருந்தாலும் இரண்டாம் கணக்கில் அவர் "வந்திருக்கிறார்". அமெரிக்கப் பேஸ்பாலுக்கு உள்ளேயே இரண்டு பிரிவுகள் இரண்டு விதமாக எண்ணி வந்தன. 1993 முதல்தான் இரண்டும் விற்ற சீட்டுகளைக் கணக்கிடுகின்றன. அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, சேரால் அளந்த அரிசியைக் கிலோவால் அளந்த அரிசியோடு ஒப்பிடுவது போலத்தான். வருகைப் பதிவேட்டில் "உள்ளேன் அம்மா" என்று சொன்னவர்கள் எல்லாரும் வகுப்பில் மனத்தோடு இருந்தார்களா என்று கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடியுமா, தோழியரே? அது போகட்டும்.

இந்தக் கணக்குகளுக்கு நடுவே எங்களை மிகவும் பாதித்தது ஓக்லண்ட் நகரின் கதை. கலிபோர்னியாவில் உள்ள அந்த நகரின் பேஸ்பால் அணிக்கு அத்லெடிக்ஸ் என்று பெயர். 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் வென்ற அணி. ஆனால் பின்னாளில் அரங்கம் பழுதடைந்தது, நல்ல ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், கூட்டமும் குறைந்தது. 2023இல் அந்த ஆண்டு முழுவதற்குமே 8,32,352 பேர்தான் வந்தனர். பேஸ்பாலிலேயே கடைசி இடம். அணியை லாஸ் வேகாஸ் நகருக்குக் கொண்டுபோக ஏற்பாடுகள் நடந்தன. ஊர் மக்களுக்கு ஆர்வமில்லை என்பதற்கு எண்ணே சாட்சி என்று பேசினார்கள்.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2023 ஜூன் 13 அன்று, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, எல்லாரும் சேர்ந்து ஆட்டத்துக்கு வருவதென்று முடிவு செய்தார்கள். கோபம் வந்தால் போகாமல் இருப்பதுதான் வழக்கம். இவர்கள் கோபத்தோடு போனார்கள். அன்று வந்தவர்கள் 27,759 பேர். அணியை விற்றுவிடு என்ற வாசகம் எழுதிய பச்சைச் சட்டைகளை அணிந்து, உரிமையாளரை நோக்கிக் குரலெழுப்பினார்கள். அணியும் அன்று வென்றது. ஆனால் அதே நாளில் நெவாடா மாநிலச் செனட், லாஸ் வேகாஸில் புதிய அரங்கம் கட்டப் பணம் ஒதுக்கும் சட்டத்துக்கு இசைவு தந்துவிட்டது.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம். அந்தப் பருவத்தின் சராசரி 11,386. கடைசி நாளில் வந்தவர்கள் 46,889 பேர். இடைக்கால ஏற்பாடாக, 2025 முதல் அந்த அணி சாக்ரமென்டோ அருகே ஏறத்தாழ 14,000 பேர் மட்டுமே கொள்ளும் சிறிய அரங்கில் ஆடத் தொடங்கியது. சராசரியாகப் பார்த்தால் ஓக்லண்ட் மக்கள் வராதவர்கள். அந்த இரண்டு நாள்களைப் பார்த்தால்? சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று அதைக் கேட்டால் அது வாய் திறப்பதில்லை. எங்களில் ஒருத்தி அந்த 46,889ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். அது வரைபட விதிக்கு ஏற்றதல்ல என்றாலும் சிஸ்டர் விட்டுவிட்டார்கள்.

சுழிக்கும் ஒரு கதை உண்டு. 2015 ஏப்ரல் 29 அன்று பால்டிமோர் நகரில் கலவரச் சூழல் நிலவியதால், பேஸ்பால் ஆட்டத்தைக் கதவுகளை மூடிவிட்டு நடத்தினார்கள். பதிவேட்டில் பார்வையாளர் எண்ணிக்கை 0. ஆனால் ஆட்டம் நடந்தது. ஊர் அணி 8-2 என்று வென்றது. தொற்றுநோய்க் காலமான 2020இல் பேஸ்பாலின் வழக்கமான பருவம் முழுவதுமே அப்படித்தான் நடந்தது. இந்தச் சுழியை மறந்துவிடாதீர்கள்; பின்னால் தேவைப்படும்.

இனி எங்கள் பக்கம். பெண்கள் ஆடும் லீக்குகளுக்குக் கூட்டம் வருவதில்லை என்று எங்கள் அண்ணன்மார்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எனவே அதையும் எண்ணிப் பார்த்தோம். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் இண்டியானா அணிக்கு 2023இல் சராசரி 4,000 சொச்சம். 2024இல் கெய்ட்லின் கிளார்க் என்ற புதிய வீராங்கனை வந்து சேர்ந்தார். சராசரி 17,036 ஆகிவிட்டது! லீக்கின் பொதுச் சராசரி 9,807. இண்டியானாவை நீக்கிவிட்டு மற்ற 11 அணிகளுக்கு மட்டும் நாங்களே கணக்கிட்டோம். 9,150 அளவு வந்தது. ஒரே ஓர் உறுப்பு சராசரியை எவ்வளவு தூக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதைவிட முக்கியமானது பானையின் அளவு. வாஷிங்டன் பெண்கள் அணியின் சொந்த அரங்கில் 4,200 இருக்கைகள்தாம் உண்டு. அங்கே 4,200க்கு மேல் கூட்டம் வரவே முடியாது. 2024 செப்டம்பர் 19 அன்று இண்டியானாவுடனான ஆட்டத்தை நகரின் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 20,711 பேர். இங்கிலாந்தில் ஆர்சனல் மகளிர் அணி வழக்கமாக ஆடிவந்த மைதானம் ஏறத்தாழ 4,500 பேர் கொள்வது. 2024 பிப்ரவரி 17 அன்று ஆண்கள் ஆடும் எமிரேட்ஸ் அரங்கில் அதே அணி ஆடியபோது 60,160 பேர் வந்தார்கள். ஆடியவர்கள் அதே பெண்கள். கதவுதான் வேறு.

நேரமும் ஒரு காரணம். சென்ற ஆண்டு மண்டல எறிபந்து இறுதியாட்டத்தில் எங்களில் இருவர் ஆடினர். பார்த்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் நால்வர், முந்திய சுற்றில் தோற்றுவிட்டுப் பேருந்துக்காகக் காத்திருந்த வேறு பள்ளிப் பிள்ளைகள். ஆட்டம் நடந்தது வேலைநாளில், காலை பதினொரு மணிக்கு. அந்நேரத்தில் அப்பா அலுவலகத்தில், அம்மா அடுப்படியிலோ அலுவலகத்திலோ. யார் வருவார்கள்?

நம் நாட்டில் பெண்கள் பிரிமியர் லீக் கிரிக்கெட் 2023 மார்ச்சில் தொடங்கியபோது, பெண்களுக்கும் சிறுமியருக்கும் நுழைவு இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசம் என்றால் கூட்டம் வராமலா இருக்கும் என்று சிலர் கேலி செய்யலாம். எங்களுக்கு அது கேலியாகப் படவில்லை. எங்கள் அறுவரில் அரங்கத்துக்குச் சென்று ஆட்டம் பார்த்தவள் ஒருத்திதான். அவளையும் அவள் சித்தப்பா அழைத்துச் சென்றார். மற்ற ஐவர் வீட்டிலும் அண்ணனோ தம்பியோ சென்று வந்திருக்கிறான். எங்களுக்குத் தொலைக்காட்சி. "அந்தக் கூட்டத்தில் உனக்கென்ன வேலை?" என்பார் தாத்தா. "முடிய இரவு பதினொன்றாகும், எப்படித் திரும்பி வருவாய்?" என்பார் அம்மா. அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். அந்த நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அகமதாபாத் அரங்கில் 2022 மே 29 அன்று ஐ.பி.எல். இறுதியாட்டத்துக்கு வந்த 1,01,566 பேரில் நாங்கள் இல்லை என்பதைக் கொண்டு, பெண்பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் அக்கறையில்லை என்று யாரேனும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

சில நாடுகளில் இதை அம்மா சொல்லவில்லை, அரசே சொன்னது. சவுதி அரேபியாவில் 2018 ஜனவரி 12 அன்றுதான் ஜெட்டா நகரில் ஒரு லீக் ஆட்டத்துக்குப் பெண்கள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டார்கள். ஈரானில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தடை இருந்தது. 2022 ஆகஸ்டு 25 அன்று டெஹ்ரானில் சுமார் 500 பெண்கள் ஒரு லீக் ஆட்டத்தைக் கண்டார்கள். அந்த அரங்கத்தின் பெயர் ஆசாதி. விடுதலை என்று பொருளாம்!

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வினோதமானது. அங்கே தடை பார்ப்பவர்களுக்கு அல்ல, ஆடுபவர்களுக்கு. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரெஸ்டன் நகரின் டிக், கெர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஒரு கால்பந்து அணி அமைத்தார்கள். காயம்பட்ட போர்வீரர்களுக்கும் ஏழைகளுக்கும் நிதி திரட்ட ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆட்டத்தைக் காண 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்று திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மறு ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்துச் சங்கம் இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல என்று கூறி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாதென்று தடை விதித்தது. 1971 வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது.

வரைபடத்தில் அந்த ஐம்பது ஆண்டுகளுக்கு என்ன போடுவது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். சுழி என்று போடலாம் என்றனர் இருவர். பால்டிமோரில் சுழி போட்டோமே என்றனர். அங்கே ஆட்டம் நடந்தது, எண்ணிப் பார்த்தார்கள், யாருமில்லை. அது எண்ணப்பட்ட சுழி. இங்கே அந்தப் பெண்கள் தடைக்குப் பின்னும் பூங்காக்களிலும் வேறு திடல்களிலும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்; 1965 வரை அந்த அணி இருந்தது. எனவே சுழி போடுவது தவறு என்றனர் மற்ற நால்வர். சிஸ்டரிடம் கேட்டோம். "தெரிந்ததைக் குறியுங்கள், அடைக்கப்பட்டதைக் குறிக்காமல் விட்டு, ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்" என்றார்கள். 1921 முதல் 1971 வரை கட்டங்களை வெறுமையாக விட்டு, கீழே தடையின் தேதியை எழுதினோம். 1971க்குப் பிறகும் நெடுங்காலம் கோடு தரையோடு தரையாகத்தான் செல்கிறது. இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீக் முழுநேரத் தொழில்முறை லீக் ஆனதே 2018இல்தான்.

குடிசன் பார்க் அரங்கிலிருந்து எவர்டன் ஆண்கள் அணி 2025இல் வேறு புதிய அரங்குக்குச் சென்றுவிட்டது. அவ்வாண்டு முதல் அந்த மைதானம் எவர்டன் மகளிர் அணிக்குச் சொந்த மைதானம். வரைபடத்தின் வலது ஓரத்தில் அதற்காக ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறோம்.